மடகஸ்கார், ஓகஸ்டில் 14 இரவு, 4 பேர்: இந்தத் திட்டம் ஓடுமா?

வெள்ளவத்தை_மழை

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்டில் 14 இரவு மடகஸ்கார் போக யோசிக்கிறோம். நாங்கள் இருவர், 11 வயது மகள், 66 வயது அம்மா. அம்மா நன்றாக நடப்பார், ஆனால் ஏணி, கயிறு சரிவராது. பஸ்ஸில் 30 பேரோடு போகும் பொதிப் பயணம் வேண்டாம். அங்கேயே இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்திடம் சொல்லி எங்களுக்கென்று ஒழுங்குசெய்ய விருப்பம். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது இது:

தலைநகர் அந்தனனரிவோ, அந்தசிபே, அந்த்சிராபே, ரனோமஃபானா, இசாலோ, துலியாரா, மொரோந்தாவா, சிங்கி (ஊசிப் பாறைகள்), நோசி பே தீவு, திரும்ப அந்தனனரிவோ.

வரைபடத்தில் பார்த்தால் அனேகமான இடங்களுக்கிடையில் 200, 300 கிலோமீட்டர்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீட்டர், அதை ஒரே நாளில் ஓடுகிறோம்தானே. இது சரிவருமா? எந்த விமானம்? மருந்து, ஊசி என்ன? நிறுவனம் அனுப்பும் விலைப்பட்டியலில் எதைப் பார்க்க வேண்டும்?

தெமட்டகொட_வான்

சரிவராது. ஏன் எண்டு கணக்காகவே சொல்றன்.

மடகஸ்காரின்ர பரப்பு ஏறக்குறைய 5,87,000 சதுர கிலோமீட்டர், இலங்கை 65,610. கிட்டத்தட்ட 9 இலங்கை. நீங்கள் எழுதினதில நோசி பேயை விட்டிட்டு வீதியை மட்டும் கூட்டுங்கோ. தலைநகரில இருந்து அந்தசிபே போய்வர 280. தலைநகரில இருந்து துலியாரா 950. துலியாராவில இருந்து மொரோந்தாவாவுக்குக் கரையோரமா ஒழுங்கான வீதி இல்லை, மணலும் ஆறும்தான். அதால அந்த்சிராபே வரைக்கும் 780 திரும்பி வந்து, அங்கயிருந்து மேற்கே 500. மொரோந்தாவாவில இருந்து சிங்கிக்குப் போய்வர 400. மொத்தம் 2,900 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 45 எண்டு வையுங்கோ, 64 மணித்தியாலத்துக்கு மேல வாகனத்துக்குள்ளயே போயிடும்.

45 எண்டது குறைச்சல் மாதிரித் தெரியும். வாகனத்தில பிழையில்லை, வீதிதான் அப்பிடி. தலைநகரில இருந்து துலியாராவுக்குப் போற, தார் போட்ட தேசிய வீதி 7இலயே குழி விழுந்த பகுதிகள் வருது. மேட்டுநிலத்தில வளைவுக்கு மேல வளைவு. சந்தை நாளில ஊர் முழுக்க வீதியில நிக்கும். செபு மாட்டு வண்டிலுக்குப் பின்லைட் கிடையாது. அதோட மாடு களவெடுக்கிற ஆயுதக் கூட்டங்கள் தெற்கிலயும் மேற்கிலயும் இருக்கு, அவையை அங்க ‘தஹாலு’ எண்டுவினம். இந்த ரெண்டு காரணத்தாலயும் நல்ல சாரதி இருட்டினாப் பிறகு ஓடமாட்டார். ஓகஸ்டில அங்க பின்னேரம் 6 மணிக்கு முன்னமே இருட்டிடும். காலை 7 மணிக்கு வெளிக்கிட்டு, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் நிண்டா, ஒரு நாளைக்கு மிஞ்சிப் போனா 9 மணித்தியால ஓட்டம். 400 கிலோமீட்டருக்கு மேல எழுதியிருக்கிற நாள் ஒவ்வொண்டும் இருட்டில முடியும்.

தலைநகரில இருந்து அந்த்சிராபே 170 கிலோமீட்டர்தான். அதுக்கே 4, 5 மணித்தியாலம். யாழ்ப்பாணம் போற கணக்கை இதில போடாதேங்கோ.

கொட்டாஞ்சேனை_டிக்கெட்

விமானத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். இதில் விலையை மட்டும் பார்த்தால் பிறகு ஊசி விஷயத்தில் மாட்டுப்படுவீர்கள்.

கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. எமிரேட்ஸ் 2024 செப்டம்பரில் துபாயிலிருந்து சீஷெல்ஸ் வழியாக அந்தனனரிவோவுக்குப் பறக்கத் தொடங்கியது. கொழும்பிலிருந்து ஒரே டிக்கெட்டில் போகலாம், பெட்டி நேரே அங்கே வரும். மற்றது மும்பை போய் நைரோபி வழியாக, அல்லது அடிஸ் அபாபா வழியாக, அல்லது மொரிஷியஸ் வழியாக.

நைரோபியும் அடிஸ் அபாபாவும் மஞ்சள் காய்ச்சல் ஆபத்துப் பட்டியலில் உள்ள நாடுகளில் இருக்கின்றன. அந்த நாடுகளின் விமான நிலையத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கினால் மடகஸ்கார் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். திரும்பி வரும்போது இலங்கையும் அப்படித்தான். டிக்கெட்டில் 3 மணித்தியாலத் தரிப்பு என்று இருக்கும், பிரச்சினை இல்லை என்று நினைப்பீர்கள். முதல் விமானம் பிந்தி, அடுத்ததைத் தவறவிட்டு, மறுநாள் விமானத்தில் ஏற்றினால் 12 மணித்தியாலம் தாண்டிவிடும். அப்போது சான்றிதழ் இல்லாதவரைக் கவுண்டரில் ஏற்றாமல் விடலாம். 66 வயது அம்மா இருப்பதால் துபாய் அல்லது மொரிஷியஸ் வழிதான் என் தெரிவு. காரணம் கீழே மருந்து தெரிந்தவர் சொல்லுவார்.

மும்பை வழியாகப் போவதென்றால் இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்கவே வேண்டாம். தனி டிக்கெட் என்றால் அங்கே குடிவரவைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும். அதற்கு இந்திய விசா தேவை. ஒரே டிக்கெட் என்றால் உள்ளேயே மாறலாம்.

விசாவுக்கு ஐரோப்பியர் எழுதும் இணையப் பக்கங்களை நம்பாதீர்கள், அது அவர்களுடைய பாஸ்போர்ட்டுக்கு. விமான நிறுவனக் கவுண்டரில் ‘டைமேட்டிக்’ என்ற பட்டியலைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். டிக்கெட் வாங்க முன்னமே ‘இலங்கை பாஸ்போர்ட், இந்தத் தரிப்பு’ என்று சொல்லி விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். பயண நிறுவனமும் அதையே எழுத்தில் தரட்டும். பாஸ்போர்ட்டில் 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

மருந்துச்சிட்டை

மேலே சொன்ன காரணம் இதுதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். 60 வயதைத் தாண்டியவர் முதல் தடவையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களை விட அதிகம். மடகஸ்காரில் மஞ்சள் காய்ச்சலே இல்லை. அப்படியிருக்க, விமானம் மாறும் இடத்துக்காக மட்டும் அம்மாவுக்கு அதைப் போடுவது நல்ல தெரிவல்ல. வழியை மாற்றுங்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடலாம். போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும்.

மலேரியா வேறு விஷயம், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. மடகஸ்கார் முழுவதும் மலேரியா உண்டு. கரையோரத்தில் அதிகம், மேட்டுநிலத்தில் குறைவு. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. ஆனால் அதைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து கிருமியோடு வரும் ஒருவரால் மறுபடி தொடங்கலாம். அதனால்தான் நாரஹேன்பிட்டியில் இருக்கும் மலேரியாத் தடுப்பு இயக்கம் பயணிகளுக்குத் தடுப்பு மருந்தை இலவசமாகவே தருகிறது. பயணத்துக்கு 3, 4 கிழமைக்கு முன் பாஸ்போர்ட்டோடும் பயணத் திட்டத்தோடும் போங்கள்.

எந்த மருந்தென்று அவர்கள்தான் முடிவுசெய்வார்கள், ஆனால் வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. மெஃப்ளோகுயின் கிழமைக்கு ஒன்று, புறப்பட 2, 3 கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும், திரும்பி வந்து 4 கிழமை. மன அழுத்தம், வலிப்பு இருந்தவர்களுக்கு ஆகாது. டொக்சிசைக்ளின் தினமும், புறப்பட ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் 4 கிழமை. சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோலும் சீக்கிரம் எரியும், துலியாரா போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அட்டோவாகுவோனும் புரோகுவானிலும் சேர்ந்த குளிசை திரும்பி வந்து 7 நாள் போதும். பிள்ளைக்கு நிறைப்படி அளவு மாறும், மகளின் நிறையை அன்றைக்கே பார்த்துக்கொண்டு போங்கள்.

பலரும் பிழை விடுவது வந்த பிறகுதான். கட்டுநாயக்கவில் இறங்கியதும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஈரலில் இருக்கும் கிருமி இரத்தத்துக்கு வர நாள் எடுக்கும். அதைப் பிடிக்கத்தான் அந்த 7 நாளும் 4 கிழமையும். திரும்பி வந்த அடுத்த மாதங்களில் காய்ச்சல் வந்தால் டெங்கு என்று நினைத்து வீட்டில் இருக்காமல், வைத்தியரிடம் முதல் வார்த்தையாக ‘மடகஸ்கார் போய் வந்தோம்’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இங்கே மலேரியாவைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இல்லை.

காப்புறுதியில் மருத்துவ இடமாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். கடுமையான நோயாளியை அங்கிருந்து பெரும்பாலும் ரியூனியனுக்கோ தென்னாபிரிக்காவுக்கோ கொண்டுபோவார்கள். ரியூனியன் பிரெஞ்சு மண், இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். கூடப்போகிறவரின் விசாவை யார் பார்ப்பது என்று காப்புறுதிக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வெள்ளவத்தை_மழை

மிக்க நன்றி. துபாய் வழி என்று முடிவெடுத்துவிட்டோம். நோசி பேயையும் வெட்டிவிட்டோம். இப்போது தெற்கு வீதியா, மேற்கே மொரோந்தாவாவும் சிங்கியுமா என்பதில் நிற்கிறோம். மகளுக்குப் பாவோபாப் மரம் பார்க்க வேண்டும்.

லிண்டுல_மூடுபனி

மேற்கைத்தான் எடுங்கள் என்பேன். தெற்கு வீதி எல்லோரும் போவது. சிங்கி போல இன்னொன்று பார்க்கக் கிடைப்பது அரிது. சுண்ணாம்புக்கல்லை மழை அரித்து அரித்து ஊசிக்காடாக நிற்கிறது, 1990இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழைக்காலத்தில் வீதி மூடிக்கிடக்கும், ஓகஸ்டில் திறந்திருக்கும். மொரோந்தாவாவிலிருந்து 20 கிலோமீட்டரில் பாவோபாப் நிரை, பொழுதுபடும் நேரம் நின்று பார்க்கலாம். அந்த இனம் மடகஸ்காரில் மட்டும்தான்.

தெமட்டகொட_வான்

அழகில எனக்கு மறுப்பில்லை. ஆனா 66 வயது அம்மாவும் 11 வயதுப் பிள்ளையும் எண்டு முதல் பதிவிலயே இருக்கு.

மொரோந்தாவாவில இருந்து பெக்கோபாக்கா, அதுதான் சிங்கி வாசல், 200 கிலோமீட்டர். தார் இல்லை, 4 சில்லும் இழுக்கிற வாகனம்தான் வேணும், 8 தொடக்கம் 10 மணித்தியாலம். இடையில சிரிபிஹினா, மனம்போலோ எண்டு ரெண்டு ஆறு. கிழக்கு மாகாணத்தில ‘பாதை’ எண்டு சொல்றமே, வாகனத்தை ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற மிதவை, அது மாதிரி ஒண்டில ஏத்தித்தான் கடக்கோணும். பலகை ரெண்டைக் கரையில போட்டு, சில்லை அதில நேராப் பிடிச்சு ஏத்துவினம். ஏறேக்கையும் இறங்கேக்கையும் எல்லாரும் வாகனத்தை விட்டு இறங்கி நிக்கோணும். வரிசையில பிந்தினா அரை நாள் போயிடும். போய்ச் சேர்ந்தாப் பிறகு பெரிய சிங்கி எண்டது இடுப்பில பட்டி கட்டி, கம்பியில கொழுவி, இரும்பு ஏணியில ஏறி, தொங்கு பாலத்தில நடக்கிறது. பிளவுக்குள்ள உடம்பைப் பக்கவாட்டாத் திருப்பித்தான் போகலாம். அம்மாவுக்குச் சின்னச் சிங்கியும் ஆத்துப் படகும்தான் மிஞ்சும். அதுக்காகப் போக ஒரு நாள், வர ஒரு நாள். அதுவும் ஓகஸ்ட் ஐரோப்பியர் வாற மாசம், அந்தப் பக்கம் அறையும் நல்ல ஜீப்பும் முதலே முடிஞ்சிடும்.

பாவோபாப் தெற்கிலயும் இருக்கு. துலியாராவுக்கு வடக்கே இஃபாத்தியில முள்ளுக்காட்டுக்க குட்டையா, பீப்பா மாதிரி வேறொரு இனம் நிக்குது. நடைபாதை மட்டமான மணல், அம்மாவும் நடப்பா.

லிண்டுல_மூடுபனி

அம்மாவின் விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஏணி ஏறாதவர் இருந்தால் தெற்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துலியாராவோடு நிற்காமல் அந்தசிபேயைக் கட்டாயம் வையுங்கள். இந்த்ரி கத்துவதைக் கேட்காமல் வரக்கூடாது. குரங்குக்கு உறவான லெமூர்களில் இன்றிருப்பதில் பெரியது அது. சத்தம் 2 கிலோமீட்டருக்கு மேல் கேட்கும். கூண்டில் அது உயிரோடு இருப்பதில்லை என்பதால் வேறெந்த நாட்டு மிருகக்காட்சிச் சாலையிலும் பார்க்க முடியாது. விடிந்து முதல் சில மணித்தியாலத்தில்தான் கத்தும், ஆகவே அங்கே ஒரு இரவாவது தங்க வேண்டும். தலைநகரிலிருந்து போய் அன்றே திரும்பும் திட்டத்தை யார் தந்தாலும் மறுத்துவிடுங்கள்.

புறக்கோட்டை_பேரேடு

விலைப்பட்டியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 3 நிறுவனத்திடம் ஒரே திட்டத்தை ஒரே சொல்லில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் விலையை ஒப்பிட முடியாது. பதில் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்க்காமல் எது உள்ளே, எது வெளியே என்று பாருங்கள்.

வாகனம்: வகையும் ஆண்டும் பெயரோடு இருக்க வேண்டும், ‘வசதியான வாகனம்’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் அனுமதி அந்த வாகனத்துக்கு இருக்கிறதா? டீசல் உள்ளேயா? இதில்தான் பெரிய வித்தியாசம் வரும். நீங்கள் துலியாராவில் இறங்கி விமானத்தில் திரும்பினாலும் வாகனம் வெறுமனே 950 கிலோமீட்டர் திரும்பி ஓட வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 12 லீற்றர் என்று பார்த்தாலும் அந்த வெறும் ஓட்டத்துக்கு மட்டும் 114 லீற்றர், கூடவே அந்த நாட்களுக்குச் சாரதியின் சம்பளம். ஒரு நிறுவனம் அதைச் சேர்த்திருக்கும், இன்னொன்று கடைசி நாளில் கேட்கும். மலிவாகத் தெரிவது அனேகமாக இரண்டாவதுதான். சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பூங்கா: நுழைவுக் கட்டணம் ஒன்று, வழிகாட்டி கட்டணம் வேறு. தேசியப் பூங்காவுக்குள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக விடமாட்டார்கள். அந்தக் கட்டணம் நடைபாதைக்கு ஏற்ப, குழுவுக்கு ஏற்ப மாறும். ‘பூங்காக் கட்டணம் உள்ளடக்கம்’ என்றால் இரண்டுமா என்று கேளுங்கள். ரனோமஃபானாவிலும் அந்தசிபேயிலும் இரவில் பூங்காவுக்குள் நடக்கத் தடை. இரவு நடை என்று விற்பது வெளியே வீதியோரமாகவோ ஊர்ச்சங்கத்துக் காட்டிலோ நடப்பது. நல்ல விஷயம்தான், எலிக்குட்டி அளவு லெமூர் அங்கேதான் தெரியும், ஆனால் கட்டணம் தனி.

மொழி: சாரதிக்குப் பிரெஞ்சு நிச்சயம் தெரியும், ஆங்கிலம் அப்படியில்லை. ஆங்கிலம் பேசும் சாரதி என்று கேட்டால் விலை சற்றுக் கூடும், கூடட்டும். 10 நாள் ஒரே வாகனத்தில் அவரோடுதான் இருக்கப்போகிறீர்கள்.

அறை: 4 பேருக்கு இரண்டு அறை என்றால் ஒரு கட்டிலா இரண்டு கட்டிலா என்று ஒவ்வொரு ஊருக்கும் எழுதுங்கள். மேட்டுநில ஊர்களில் ‘சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு, மின்சாரம் எத்தனை மணி வரை’ என்றும் கேளுங்கள். இசாலோ பக்கத்திலும் கரையோரத்திலும் சில இடங்களில் ஜெனரேட்டர் பின்னேரத்தில் சில மணித்தியாலம்தான் ஓடும்.

முற்பணம்: எல்லாத்தையும் முன்னுக்கே கட்ட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு முதலில், மிச்சம் அங்கே போய் என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். இங்குள்ள வங்கியில் அனுப்பும்போது விலைப்பட்டியலைக் கேட்பார்கள், அதில் உங்கள் பெயரும் பயணத் திகதியும் வங்கி விபரமும் ஒரே தாளில் இருக்கும்படி வாங்கி வையுங்கள். இடைவங்கிக் கட்டணத்தை அனுப்புபவரே முழுக்க ஏற்பதாகக் குறியுங்கள், இல்லாவிட்டால் அங்கே தொகை குறைந்து போய் ‘இன்னும் வரவில்லை’ என்று இழுபடும்.

இரத்துச் செய்தால் என்ன என்பது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதை முதலில் வாசியுங்கள். 2025 செப்டம்பரில் தண்ணீர், மின்வெட்டுக்கு எதிராக இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், தலைநகரில் ஊரடங்கு போட்டார்கள், ஒக்டோபரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்படியொன்று மறுபடி நடந்து விமானம் நின்றால் பணம் திரும்புமா, திகதி மாற்றலாமா என்று பேர் சொல்லிக் கேளுங்கள். ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள்.

வெள்ளவத்தை_மழை

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, நன்றி அண்ணா. கையில் காசு எப்படிக் கொண்டுபோவது? டொலரா?

புறக்கோட்டை_பேரேடு

யூரோ. அங்கே வியாபாரமும் சுற்றுலாவும் பிரான்ஸோடு கட்டுண்டது, யூரோவைச் சுலபமாக மாற்றலாம். மடிப்பு, கிழிசல் இல்லாத புதுத் தாள். வீசா அட்டை பட்டணங்களில் வேலை செய்யும், புறப்பட முன் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். அந்த்சிராபேக்கும் துலியாராவுக்கும் இடையில் அட்டையில் காசு எடுக்க ஃபியானரன்ட்சோவா நகரை மட்டும் நம்புங்கள்.

பணம் அரியாரி. ஒரு டொலருக்கு ஏறக்குறைய 4,500. பெரிய தாளே 20,000தான், அதாவது நாலரை டொலர். 1,000 டொலர் மாற்றினால் 225 தாள், அதுவும் எல்லாம் பெரியதாகக் கிடைத்தால். பணப்பைக்குள் அடங்காது, துணிப்பை எடுத்துப் போங்கள். நாட்டை விட்டு வெளியே அரியாரிக்கு மதிப்பில்லை, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

முக்கியமான சிக்கல் ஒன்று. 2005 வரை அங்கே மலகாசி பிராங்க் இருந்தது, 5 பிராங்க் ஒரு அரியாரி. கிராமத்தில், சந்தையில் இன்னும் பழைய பிராங்கிலேயே விலை சொல்வார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் 10,000 என்றால் அது 2,000 அரியாரி. ஏமாற்றும் நோக்கம் இல்லை, பழக்கம். விலை கேட்டவுடன் ‘அரியாரியா?’ என்று ஒரு சொல் கேட்டால் போதும்.

பேருவளை_நீலம்

வீதி 7இல போற நீங்க இசாலோவுக்கு அங்கால 27 கிலோமீட்டர்ல இலகாகாவைக் கடக்கணும். 1998ல நீலக்கல் கிடச்ச பொறகு ஒண்டுமில்லாத இடத்தில முளச்ச ஊரு. பேருவளையிலயும் ரத்தினபுரியிலயும் இருந்து போன இலங்கை வியாபாரிகள் கனபேர் அங்க கல்லு வாங்குற கடை வச்சிருக்காங்க, தாய்லாந்துக்காரரும் இருக்காங்க. இலங்கை எண்டு தெரிஞ்சதும் உங்கள வியாபாரி எண்டுதான் நெனப்பாங்க. வாகனம் நிண்டா கல்லோட வந்து சூழ்ந்துருவாங்க.

வாங்க வேணாம். கண்ணால பாத்து நீலக்கல்ல அறியிற ஆளும் வெயில்ல, கைவெளிச்சத்தில தடுமாறுவார். அடுப்பில செஞ்ச செயற்கைக்கல்லு அந்தத் தெருவில தாராளமா ஓடுது. இயற்கையா எண்டு பாக்கணும்னா பெரிசாக்கிற கண்ணாடிக்குள்ள வளர்ச்சிக் கோடு நேரா இருக்கா வளைஞ்சிருக்கா எண்டு பாக்கணும். வளைஞ்சிருந்தா செயற்கை. அந்தச் சூட்டில, ஆள் சூழ நிக்கக்குள்ள அது முடியாது. நல்ல கல்லே கிடச்சாலும் ஏற்றுமதிப் பத்திரம் இல்லாம விமான நிலையத்தில பிடிப்பாங்க, கட்டுநாயக்கவிலயும் சுங்கத்துக்குச் சொல்லணும். ஊருக்குள்ள இரவு தங்கவும் வேணாம். பகல்ல, கண்ணாடிய ஏத்திக்கிட்டு, போட்டோ எடுக்காம கடந்து போங்க. குழியில வேல செய்ற ஆக்கள்ட பாடு பெரும் பாடு. அவங்கள வேடிக்கை பாக்கப் போறது சரியில்ல.

மருந்துச்சிட்டை

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அம்மா மரக்கறி என்றால் கவலைப்பட வேண்டாம். மூன்று நேரமும் சோறு உண்ணும் நாடு அது, சோற்றை ‘வரி’ என்பார்கள். ‘வரி சி ட்சரமாசு’ என்றால் சோறும் அவரையும், எந்தச் சாலையோரக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அவரைக்குள் பன்றித் துண்டு போடுவதும் உண்டு. ‘ட்சி மிஹினன ஹேன அஹு’, நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, என்று அம்மா மனப்பாடம் செய்யட்டும். ஹேன என்பது இறைச்சி மட்டும், மீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். உறைப்பு சமையலில் இல்லை, ‘சகாய்’ என்ற மிளகாய் விழுது பக்கத்தில் வைப்பார்கள்.

சாப்பாட்டோடு வரும் குடிநீரைப் பாருங்கள். சோறு வடித்த பானையில் அடிப்பிடித்ததை எடுக்காமல் அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பார்கள், ‘ரனுவோலா’ என்று பெயர். பொன்னிறமாக, கருகல் மணத்தோடு சூடாக வரும். கொதித்தது என்பதால் குழாய்த் தண்ணீரை விடப் பாதுகாப்பு, சூடாக இருந்தால் மட்டும் குடியுங்கள்.

குளிருடுப்பு! வெப்பமண்டல நாடு என்று மெல்லிய சட்டையோடு போய் நடுங்குகிறார்கள். அந்த்சிராபே 1,500 மீற்றர் உயரம், ஓகஸ்ட் அங்கே குளிர்காலம், நுவரெலியாவின் தை மாத இரவு என்று நினையுங்கள். அறைக்குச் சூடாக்கி இருக்காது. ஆளுக்கு ஒரு தடித்த ஸ்வெட்டர், மகளுக்குத் தொப்பி. ரனோமஃபானாவில் ஓகஸ்டிலும் மழை தூறும், அட்டை உண்டு. சிங்கராஜாவுக்குப் போடும் அட்டைக் காலுறை இங்கேயே 4 சோடி வாங்கிப் போங்கள்.

தெமட்டகொட_வான்

ரனோமஃபானாவில படி செங்குத்து, அம்மாவுக்கு நீளமான நடை வேண்டாம் எண்டு முதல் நாளே வழிகாட்டிக்குச் சொல்லுங்கோ. லெமூரைத் தேடிப் பிடிக்க முன்னால ஓடுற ஆளையும் சேர்த்து வையுங்கோ, அவர் இருந்தா அம்மா பாதி தூரம் நடந்தாப் போதும். 1986இல கண்டுபிடிச்ச பொன்மூங்கில் லெமூருக்காகத்தான் 1991இல அந்தக் காட்டைப் பூங்கா ஆக்கினது. சயனைட் இருக்கிற மூங்கில் குருத்தைத் தின்னுது, வேற மிருகம் செத்துப்போற அளவு. அம்பலவாவோவுக்குத் தெற்கே அஞ்சாவில ஊர்மக்களே நடத்திற காடு இருக்கு, வரிவால் லெமூர் கைக்கெட்டிற தூரத்தில வரும், கீழ்ப்பாதை லேசு.

பிளக் இரண்டு உருண்டைக் கம்பி, பிரெஞ்சு மாதிரி. நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால. கல்லறைகளை விரலால சுட்டிக் காட்டாதேங்கோ, அது அங்க ‘ஃபாடி’, விலக்கு. காட்ட வேணுமெண்டா விரலை மடிச்சுக் காட்டோணும். ஊருக்கு ஊர் ஃபாடி வேற, சாரதியிட்டக் கேளுங்கோ.

வெள்ளவத்தை_மழை

எல்லாத்தையும் சேர்த்துத் திருத்திய திட்டம்:

1 அந்தனனரிவோ. 2 அந்தசிபே. 3 அந்தசிபே. 4 அந்தனனரிவோ. 5 அந்த்சிராபே. 6, 7 ரனோமஃபானா. 8 அம்பலவாவோ. 9 அஞ்சா பார்த்து, இசாலோவுக்குப் பக்கத்து ஊரான ரனோஹிரா. 10 இசாலோ. 11 துலியாரா. 12, 13 இஃபாத்தி. 14 காலை உள்நாட்டு விமானத்தில் தலைநகர், அன்றிரவு துபாய் விமானம்.

கொட்டாஞ்சேனை_டிக்கெட்

14ஆம் நாள் உடையும். உள்நாட்டு விமானம் நேரம் மாறுவதும், நாளே மாறுவதும் அங்கே வழமை. விமானங்கள் குறைவு, ஒன்று பழுதானால் பதிலுக்கு இன்னொன்று இல்லை. அதே நாளில் சர்வதேச விமானத்தை வைக்கவே கூடாது. இரண்டு டிக்கெட்டும் வேறு வேறு நிறுவனம் என்பதால் தவறவிட்டால் ஒருவரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அந்தசிபேயைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 2 அந்த்சிராபே, 3, 4 ரனோமஃபானா, 5 அம்பலவாவோ, 6 ரனோஹிரா, 7 இசாலோ, 8, 9 இஃபாத்தி, 10 விமானத்தில் தலைநகர், 11, 12 அந்தசிபே, 13 தலைநகர், 14 உங்களுக்கு மிச்சம். துலியாரா விமானம் ஒரு நாள் பிந்தினால் 14ஆம் நாள் அதை விழுங்கும். இரண்டு நாள் பிந்தினால் அந்தசிபேயில் ஒரு இரவு போகும், அவ்வளவுதான்.

தெமட்டகொட_வான்

ஓமோம், இதுதான் சரி. 10ஆம் நாள் விமானம் மேல கிளம்பும் வரைக்கும் சாரதி துலியாராவை விட்டு வெளிக்கிடக் கூடாது எண்டு ஒப்பந்தத்தில எழுதுங்கோ. விமானம் முழுசா இரத்தானா அதே வாகனத்தில ரனோஹிராவில ஒரு இரவு, ஃபியானரன்ட்சோவாவில ஒரு இரவு படுத்து மூண்டு நாளில தலைநகர் வரலாம், களைப்புத்தான், ஆனா முடியும். அவர் முதலே வெளிக்கிட்டிட்டா துலியாராவில புது வாகனம் தேடோணும், ஓகஸ்டில அது கிடைக்காது.

அந்தசிபே போற வீதி 2, தோமசினா துறைமுகத்து வீதி. கொள்கலன் லொறி முழுக்க அதிலதான். 140 கிலோமீட்டருக்கு 5 மணித்தியாலம் வையுங்கோ, 13ஆம் நாள் காலையில இந்த்ரியைக் கேட்டிட்டு 11 மணிக்கு முன்ன வெளிக்கிடுங்கோ.

வெள்ளவத்தை_மழை

சாரதி நிற்கும் வரியைச் சேர்த்து 3 நிறுவனத்துக்கும் இன்றிரவே அனுப்புகிறேன். திங்கள் நாரஹேன்பிட்டி போகிறோம். விலைப்பட்டியல்கள் வந்ததும் வெறும் ஓட்ட டீசல் எதில் உள்ளே, எதில் வெளியே என்று இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.